கீறினதா, எடுத்ததா?

கசினி விண்கலத்தில் இருந்த கமராவுக்கு நிறம் தெரியாது. சனிக் கிரகத்தை 13 வருஷமாகச் சுற்றி, 4 இலட்சத்து 53 ஆயிரம் படங்களுக்கு மேல் எடுத்த கமரா அது. எடுத்த ஒவ்வொன்றும் கறுப்பு வெள்ளை. நாங்கள் போனில் வோல்பேப்பராகப் போட்டு வைத்திருக்கிற அந்த வெளிர் மஞ்சள் உருண்டையும், பழுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக ஓடுகிற வளையங்களும் பிறகு பூமியில் யாரோ உட்கார்ந்து சேர்த்து எடுத்தவை.

இதை நான் தேடிப் படித்தது பாடத்துக்காக இல்லை. நான் கலைப் பீடம். ஏ.எல். எடுக்கும்போதே எங்கள் நாட்டில் வானத்தை விஞ்ஞானப் பிரிவுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, வரலாறும் தமிழும் புவியியலும் எங்களுக்கு என்று பிரித்துவிடுவார்கள். நான் தேடினது வீட்டில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்ததால்.

எங்கள் வீடு கலகெதரயில். கண்டியிலிருந்து குருநாகல் போகிற பஸ்ஸில் வந்து, இறங்கி, பலா மரங்களும் மிளகுக் கொடிகளும் இருக்கிற ஒரு ஏற்றத்தில் கொஞ்சம் மேலே நடக்க வேண்டும். உம்மும்மா எங்களோடுதான் இருக்கிறா. அவவுக்கு வலது கண்ணில் கட்டரெக். இடது கண்ணில் அழுத்தம் கூடி, பார்வையில் பெரும் பங்கு போய்விட்டது. போன இடத்தைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் வருகிற படங்களைப் பார்க்காமல் இருக்க மாட்டா. போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, தலையை ஒரு பக்கம் சரித்து, மிச்சமிருக்கிற பார்வையால் படத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பா.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த நாட்களை இதை வாசிக்கிற யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கண்டிப் பக்கம் மண் சரிந்த இடங்கள், மூடிப்போன பாதைகள், போகாத கோல்கள். எங்கள் சாச்சி கம்பளைப் பக்கம். அவவின் போன் வேலை செய்யவில்லை. அந்த நேரம் பார்த்துக் குறூப்பில் ஒரு படம் வந்தது. ஒரு வரிசை வீடுகள் சேற்றுக்குள், கீழே சாச்சி இருக்கிற பாதையின் பெயர். உம்மும்மா அந்தப் படத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்து, சாச்சியின் வீட்டுக் கூரையைத் தேடினா. அதற்குப் பிறகு நடந்த மூன்று மணித்தியாலத்தை நான் எழுதப் போவதில்லை. இரவு சாச்சியே வேறொருவரின் போனில் பேசினா. ஒரு பாடசாலையில் எல்லாரும் சுகமாக இருந்தார்கள். படத்தை மறுநாள் நான் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலிருந்த ஒரு ஜன்னலுக்குச் சுவரே இல்லை. இயந்திரம் செய்த படம்.

அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் உம்மும்மா முதலில் ஒரு கேள்வி கேட்பா. டிசம்பரில் நான் என் போனில் இருந்த சனிக் கிரகப் படத்தை அவவுக்குக் காட்டினபோதும் அதே கேள்வி.

“இது கீறினதா மகள், இல்லாட்டி எடுத்ததா?”

நான் வாய் திறக்க முதல் மாமா பதில் சொல்லிவிட்டார். “எல்லாம் கம்பியூட்டர்ல கீர்றதுதான் உம்மா. ஆரு அங்கெல்லாம் போய் போட்டோ எடுக்கிற?”

மாமாவைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் நான் “எடுத்ததுதான்” என்று ஒரு சொல்லில் முடித்திருந்தால், அதுவும் முழு உண்மை இல்லை. சேற்றில் புதைந்த வீடுகளைப் பார்த்து அழுத ஒருவருக்கு, அரை உண்மையைக் கொடுக்க மனம் வரவில்லை. “பார்த்துச் சொல்றேன் உம்மும்மா” என்றேன். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படம் எப்படி வருகிறது என்பதில் இருந்து தொடங்குவோம். கசினி 1997 ஒக்டோபர் 15இல் ஏவப்பட்டு, 2004 ஜூலையில் சனியின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. அதில் இரண்டு கமராக்கள்: ஒன்று அகலமாகப் பார்ப்பது, மற்றது குறுகிய இடத்தைக் கிட்டவாகப் பார்ப்பது. இரண்டிலும் உணரிக்கு 1024க்கு 1024 புள்ளிகள். இன்றைக்கு மிக மலிவான போனில் கூட இதைவிடப் பல மடங்கு புள்ளிகள் உண்டு. உணரிக்கு முன்னால் சுழலும் சக்கரங்களில் நிறக் கண்ணாடிகள். சிவப்புக் கண்ணாடி வழியாக ஒரு படம், பச்சை வழியாக ஒன்று, நீலம் வழியாக ஒன்று. மூன்றுமே கறுப்பு வெள்ளைதான். எந்த நிற ஒளி எவ்வளவு வந்தது என்ற அளவு மட்டும் அவற்றில் இருக்கும். அந்த அளவுகள் எண்களாகி, வானொலி அலையாகப் பூமிக்கு வரும். சனி இருக்கிற தூரத்துக்கு ஒளியே வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். இங்கே அவுஸ்திரேலியாவிலோ ஸ்பெயினிலோ கலிபோர்னியாவிலோ இருக்கிற பெரிய அன்டெனா ஒன்று அதைப் பிடிக்கும். பிறகு மூன்று படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் நிறம் பிறக்கும்.

நீங்கள் கையில் வைத்திருக்கிற போனும் ஏறத்தாழ இதைத்தான் செய்கிறது. அதன் உணரிக்கும் நிறம் தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சின்ன நிறக் கண்ணாடி ஒட்டியிருக்கிறார்கள். சேர்ப்பது கண் இமைக்க முதல் உள்ளேயே நடந்து முடிவதால் எங்களுக்குத் தெரிவதில்லை. கசினியில் அந்த வேலை வெளியே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடந்தது.

மாமா பாதி சரி என்று ஒத்துக்கொள்ள வேண்டிய இடமும் இருக்கிறது. சனி வளையத்தின் சில படங்கள் நீலப்பச்சையும் சிவப்புமாக இருக்கும். அவை புறஊதா ஒளியை அளந்து செய்தவை. மனிதக் கண்ணுக்குப் புறஊதா தெரியாது. பனிக்கட்டி தூய்மையாக உள்ள இடத்துக்கு நீலப்பச்சை, அழுக்குக் கலந்த இடத்துக்குச் சிவப்பு என்று ஒருவர் தீர்மானித்துப் போட்டது. தேசப்படத்தில் மலைக்குப் பழுப்பும் கடலுக்கு நீலமும் பூசுகிற மாதிரி. அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் ஓரத்தில் விளக்கம் இருக்கிறது. அந்தப் படங்களுக்கும் கீழே விளக்கம் இருந்தது. வாட்ஸ்அப்பில் நூறு கை மாறும்போது முதலில் உதிர்வது அந்த விளக்கம்தான்.

2013 ஜூலை 19இல் எடுத்த படத்தை எடுத்துக்கொள்வோம். அன்று கசினி சனியின் நிழலுக்குள் போய், அங்கிருந்து சூரியன் இருக்கிற திசையைத் திரும்பிப் பார்த்தது. சூரியனைச் சனி மறைத்துக்கொண்டதால் கமராவுக்குச் சேதமில்லாமல் அந்தப் பக்கம் பார்க்க முடிந்தது. ஜன்னலால் விழும் வெயிலில் தூசி மினுங்குவதுபோல, பின்னால் இருந்து வந்த ஒளியில் வளையத்தின் நுண்ணிய துகள்கள் எல்லாம் ஒளிர்ந்தன. நாலு மணித்தியாலத்தில் எடுத்த 323 படங்களில் 141ஐச் சேர்த்துத்தான் அந்தப் பெரிய படம் செய்யப்பட்டது. அதில் வளையங்களுக்குக் கீழே ஒரு சின்ன நீலப் புள்ளி. அது நாங்கள், 144 கோடி கிலோமீற்றருக்கு அப்பால். படக் குழுவுக்குத் தலைமை தாங்கிய கரோலின் போர்கோவின் யோசனைப்படி, அந்த நேரத்தில் வெளியே வந்து வானத்தைப் பார்த்துக் கையசைக்கச் சொல்லி உலகத்துக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். இலங்கை நேரப்படி அது 20ஆம் திகதி அதிகாலை மூன்று மணி அளவு. நோன்பு மாதம். கலகெதரயில் ஸஹருக்கு எழும்ப ஆயத்தமாகிற நேரம். ஆனால் அந்த நேரம் சனியைப் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்கக் கண்டங்களின் பக்கம். எங்கள் வானத்தில் சனி எப்போதோ மறைந்துவிட்டது. ஆகவே நாங்கள் அந்தப் புள்ளியின் பின்பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தப் படத்திலும் கை வைத்திருக்கிறார்கள். பூமி, வெள்ளி, செவ்வாய் எல்லாம் சனியை விட அதிகமாகப் பிரகாசமாக்கப்பட்டவை. இல்லையென்றால் எங்கள் கண்ணுக்குப் படாது. அதையும் சொல்லித்தான் வெளியிட்டார்கள்.

அப்படியென்றால் “கீறினது” என்பதற்கும் “எடுத்தது” என்பதற்கும் நடுவில் கோடு எங்கே? இதை யோசித்தபோது எனக்கு உதவியது வரலாறுதான்.

சனி வளையத்தைப் பற்றிய முதல் சாட்சியம் கீறினது. 1610இல் கலிலியோ தன் தொலைநோக்கியால் பார்த்தபோது, பெரிய உருண்டையின் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன உருண்டைகள் ஒட்டியிருப்பதாகக் கண்டு அப்படியே கீறினார். 1612இல் திரும்பப் பார்த்தார், பக்கத்து உருண்டைகளைக் காணவில்லை. சில வருஷங்களில் அவை வேறு வடிவில், கோப்பைக்குக் கைபிடி வைத்த மாதிரித் தெரிந்தன. அவர் பொய் கீறவில்லை. அவருடைய கண்ணாடி அவ்வளவுதான் காட்டியது. 1659இல்தான் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி, கிரகத்தை எங்கும் தொடாமல் சுற்றியிருக்கிற தட்டையான வளையம் இது என்று புத்தகம் எழுதி விளக்கினார். 1675இல் கசினி (விண்கலத்துக்கு இவருடைய பெயர்தான்) வளையத்துக்கு நடுவே ஒரு இருண்ட இடைவெளியைக் கண்டார். 1859இல் மக்ஸ்வெல் தொலைநோக்கியே இல்லாமல், கணக்குப் போட்டு, வளையம் ஒரே திண்மமாக இருந்தால் உடைந்துவிடும், அது எண்ணற்ற சிறு துண்டுகளாகத்தான் இருக்க வேண்டும் என்று காட்டினார். அந்தத் துண்டுகளை ஒருவரும் கண்டதில்லை. ஆனால் அவர் சரி.

இதைவிட எனக்குப் பிடித்த கதை எங்கள் பக்கத்துக் கடலுக்கு அப்பால் நடந்தது. தமிழ்நாட்டில், ஜவ்வாது மலையில், காவலூர் என்ற ஊரில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கிரகம் ஒரு மங்கலான நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போக இருந்தது. நட்சத்திரத்தின் ஒளி எப்போது மறைகிறது, எப்போது வருகிறது என்று அளந்தால் கிரகத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். அதற்காகக் காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீற்றர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட்டும் குழுவும் இந்து சமுத்திரத்துக்கு மேலே, தொலைநோக்கி பொருத்திய ஒரு விமானத்தில் பறந்துகொண்டிருந்தார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும் ஒரு குழு இருந்தது.

கிரகம் வந்து மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே நட்சத்திரம் மினுங்கி மங்கியது. காவலூரிலும் பதிவானது. விமானத்தில் ஐந்து தடவை மங்கியது. கிரகம் கடந்து போன பிறகு மறுபக்கத்தில் திரும்பவும் ஐந்து தடவை. தெரியாத சின்னத் துணைக்கோளாக இருக்குமோ என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் ஒரே மாதிரி மறைப்பது என்றால் அது கிரகத்தைச் சுற்றி இருக்கிற ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். சனிக்கு மட்டும்தான் வளையம் என்று முந்நூறு வருஷத்துக்கு மேலாக இருந்த எண்ணம் ஒரே இரவில் போய்விட்டது.

அந்த இரவில் யாரும் ஒரு வளையத்தையும் பார்க்கவில்லை. படமும் இல்லை, கீறலும் இல்லை. வெளிச்சம் கொஞ்சம் குறைந்து திரும்ப வந்தது, அவ்வளவுதான் சாட்சியம். ஆனால் அந்தக் குறைவு மூன்று இடங்களில், ஒருவரை ஒருவர் பார்க்காத மூன்று குழுக்களிடம் பதிவாகியிருந்தது. ஒன்பது வருஷம் கழித்து, 1986 ஜனவரி 24இல் வொயேஜர் 2 யுரேனஸைக் கடந்தபோது படம் எடுத்தது. கரியைப்போல் கறுத்த, ஒடுங்கிய வளையங்கள், கணக்கு சொன்ன அதே இடத்தில். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படத்தில் அவை பளிச்சென்று தெரிகின்றன. அதைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்குக் காவலூர் தெரியும் என்று யோசிப்பேன்.

இந்த முறை எங்களுக்குப் புதிதில்லை. ஒவ்வொரு வருஷமும் தலைப்பிறை பார்க்கிற இரவில் இதுதானே நடக்கிறது? ஒருவர் “நான் பிறை கண்டேன்” என்று சொன்னால் உடனே ரேடியோவில் அறிவிப்பதில்லை. எங்கே நின்று கண்டீர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, கூட யார் கண்டது, வானம் தெளிவா என்று கேட்பார்கள். கண்டவர் பொய்யர் என்று நினைத்து இல்லை. நல்ல மனிதனின் கண்ணும் ஒரு மேகத் துண்டைப் பிறையாக்கும் என்பதால். வரலாற்று வகுப்பில் ஒரு ஆவணத்தைக் கையில் எடுத்தால் கேட்கச் சொல்லித் தருகிற கேள்விகளும் இவைதான்: யார் எழுதியது, எப்போது, எதைப் பார்த்து, வேறு யாராவது அதையே சொல்கிறார்களா.

மாமாவுக்குச் சொல்ல எனக்கு இன்னொரு பதிலும் கிடைத்தது. கீறுகிறவர் தனக்குத் தெரிந்ததைத்தான் கீறுவார். எடுத்த படத்தில் ஒருவரும் நினைத்துப் பார்க்காத ஒன்று வந்து நிற்கும்.

ஆதர் சி. கிளார்க்கை எங்களுக்குத் தெரியும். 1956இலிருந்து இலங்கையில் வாழ்ந்தவர். 1968இல் வந்த அவருடைய ‘2001’ நாவலில் விண்கலம் போய்ச் சேருவது சனிக்கு, அதன் ஐயாபிடஸ் என்ற துணைக்கோளுக்கு. அதே கதை சினிமாவானபோது வியாழனுக்கு மாற்றிவிட்டார்கள். சனியின் வளையத்தை நம்பும்படியாகத் திரையில் செய்து காட்ட அன்றைக்கு முடியவில்லை. கற்பனைக்கே எட்டாமல் இருந்த வளையம்! பிறகு கசினி உண்மையாகவே ஐயாபிடஸுக்குப் போனது. 2007 செப்டெம்பர் 10இல் அதற்கு மிகக் கிட்டவாகக் கடந்தபோது, கொழும்பிலிருந்து கிளார்க் வீடியோவில் வாழ்த்துச் சொன்னார். அடுத்த மார்ச்சில் அவர் மறைந்தார். கசினி ஐயாபிடஸில் கண்ட ஒன்று எந்த நாவலிலும் இருந்ததில்லை: நடுவரையோடு, வாதுமைக் கொட்டையின் பொருத்து மாதிரி, சில இடங்களில் 20 கிலோமீற்றர் வரை உயர்ந்து ஓடுகிற ஒரு மலைத்தொடர். அது எப்படி வந்தது என்று இன்னும் விவாதம் நடக்கிறது.

வளையத்திலும் அப்படி. சனியின் முக்கிய வளையங்கள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் கிலோமீற்றர். பூமிக்கும் நிலவுக்கும் இடையிலான தூரத்தில் 70 வீதம். ஆனால் தடிப்பு பெரும்பாலான இடங்களில் 10 மீற்றர் அளவுதான். எங்கள் வளவில் நிற்கிற தென்னையின் உயரம் கூட இல்லை. முழுக்க முழுக்கத் தட்டை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2009 ஓகஸ்டில் சூரிய ஒளி வளையத்துக்குச் சரி பக்கவாட்டில் விழுந்தது. 15 வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற நேரம் அது. அப்போது வளையத்தின் மேல் நீள நீளமாக நிழல்கள் தெரிந்தன. நிழலின் நீளத்தை வைத்துப் பொருளின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். அஸர் தொழுகைக்கு நேரம் பார்க்க ஒரு காலத்தில் கம்பு நட்டு நிழல் அளந்தவர்களின் பிள்ளைகளுக்கு இது விளங்கும். நடு வளையத்தின் ஓரத்தில் பனித்துண்டுகள் 2.5 கிலோமீற்றர் வரை குவிந்து எழும்பி நின்றன. பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். தென்னை உயரத்துக்கு விரித்த ஒரு பாயின் ஓரத்தில் பீதுருதாலகாலை! எந்தக் கம்பியூட்டர்காரனுக்கு இதைக் கீறத் தோன்றும்?

இவ்வளவையும் சேர்த்து வைத்துக்கொண்டு நான் உம்மும்மாவிடம் போனேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். எடுத்தது, மூன்றாக எடுத்துச் சேர்த்தது, நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள், அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவ கேட்டுவிட்டு, “அப்ப நீ பாத்தியா?” என்றா.

எங்கள் ஊரில் சனியின் பெயர் தெரியாத ஆள் இல்லை. தமிழ்க் கூட்டாளிகள் வீட்டில் ஏழரைச் சனி. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிங்களத்தில் செனசுரு ஏரா. அந்தக் கிரகம் சூரியனை ஒருமுறை சுற்ற 29 வருஷமும் சில மாதங்களும் எடுக்கும். பன்னிரண்டு ராசிக்குப் பிரித்தால் ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. பழைய ஆட்கள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஹஸரத் ஒருவர் அரபியில் அதை ஸுஹல் என்று சொல்வார். இத்தனை பெயர் இருந்தும், “அதோ அதுதான்” என்று விரலால் காட்டச் சொன்னால் பலர் முழிப்பார்கள். நான் முதன்முதல் அடையாளம் கண்டதே 2022 நோன்பில்தான். ஸஹர் நேரம் கிழக்கே வெள்ளியும் செவ்வாயும் சனியும் கிட்டக் கிட்ட நின்றன. ஆனால் வெறும் கண்ணுக்கு அது ஒரு புள்ளி.

2026 ஜனவரியில் ஒரு நாள், கெம்பஸ் கூட்டாளி ஒருத்தி தன் அண்ணாவின் சின்னத் தொலைநோக்கியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் தங்கினாள். மஃரிபுக்குப் பிறகு மேற்கில் சனி தெளிவாக நின்றது. முற்றத்தில் வைத்துப் பார்த்தோம். நான் எதிர்பார்த்த வளையம் இல்லை. ஒரு மணியைக் கோர்த்த ஊசி மாதிரி, உருண்டைக்கு இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய கோடு. காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. 2025 மார்ச் 23இல் பூமி வளையத்தின் தளத்தைக் கடந்தது. நவம்பரிலும் வளையம் மிக ஒடுங்கியிருந்தது. இப்போதுதான் மெல்ல மெல்லத் திறந்துகொண்டு வருகிறது. 1612இல் கலிலியோவை ஏமாற்றியதும் இதே விஷயம்தான். பத்து மீற்றர் தடிப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் என்ன தெரியும்?

உம்மும்மாவையும் கதிரை போட்டு இருத்தினோம். வலது கண்ணை வைத்தா, தெரியவில்லை. இடது கண்ணை வைத்தா. தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மிச்சமிருக்கிற பார்வைக்குள் அதைக் கொண்டுவர நிறைய நேரம் எடுத்தது. நாங்கள் பேசாமல் நின்றோம்.

“ஒரு வெளிச்சம் ஈக்கி,” என்றா. “வளையம் காணல.”

“எனக்கும் பெரிசா காணல உம்மும்மா. ஒரு கோடுதான்.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணை வைத்தா. அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே அவவுக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன். யாரும் அனுப்பாத, தானே பார்த்த ஒன்று.

அடுத்த வாரம் கெம்பஸில் ஒரு கணினியில் உட்கார்ந்து, கசினியின் மூலப் படங்களைத் தேடினேன். அவை எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. பல்கலைக்கழகக் கடிதமோ விஞ்ஞானப் பட்டமோ தேவையில்லை. விண்கலம் உயிரோடு இருந்த காலத்தில், படம் பூமிக்கு வந்த சில நாட்களிலேயே பொதுவில் போட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றோடும் எடுத்த திகதி, நேரம், தூரம், எந்தக் கமரா, எந்தக் கண்ணாடி என்று எழுதியிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் இறக்கி, இலவச மென்பொருள் ஒன்றில் அடுக்கினேன். சாம்பல் நிறமாக இருந்த வளையத்தில் மெதுவாக ஒரு மங்கல் பழுப்பு வந்தது. தேநீரில் பால் கூடினால் வருகிற நிறம். ஒரு ஓரத்தில் சின்னத் துணைக்கோள் ஒன்று மூன்று புள்ளியாக, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, நீலம் ஒன்று என்று தள்ளித் தள்ளி நின்றது. முதல் படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் இடையில் அது நகர்ந்திருக்கிறது. விஞ்ஞானிகள் வெளியிடுகிற படங்களில் இதைச் சரிசெய்துவிடுவார்கள். நான் அப்படியே விட்டேன். ஒரு உண்மையான பொருள், உண்மையான நேரத்தில், தன் பாதையில் போய்க்கொண்டிருந்ததற்கு அதுதான் அத்தாட்சி. சுவர் இல்லாத ஜன்னலுக்கும் இந்த மூன்று புள்ளிக்கும் உள்ள வித்தியாசம், இதற்குக் காரணம் கேட்டால் பதில் இருக்கிறது.

அந்தப் படத்தை எழுத்தோடு குடும்பக் குறூப்பில் போட்டேன்: யார் எடுத்தது, எப்போது, எவ்வளவு தூரத்திலிருந்து, நான் என்ன செய்தேன். மாமா ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார். பரவாயில்லை. ஆனால் போன வாரம் குறூப்பில் யாரோ ஒரு வெள்ளப் படம் அனுப்பினபோது, “இது எங்க, எப்ப, ஆரு எடுத்தது?” என்று முதலில் எழுதியது மாமாதான்.

கசினி இப்போது இல்லை. எரிபொருள் முடியப் போகும் நேரத்தில், வளையத்துக்கும் கிரகத்துக்கும் இடையிலான ஒடுங்கிய வெளியால் 22 தடவை பாய்ந்து, 2017 செப்டெம்பர் 15இல் சனிக்குள்ளேயே விழுந்து எரிந்தது. என்சலடஸ், டைட்டன் என்ற துணைக்கோள்களில் உயிர் இருக்க வாய்ப்பிருந்தால், பூமியிலிருந்து போன கிருமி அங்கே தொற்றக் கூடாது என்று வேண்டுமென்றே செய்தது. வளையமும் நிரந்தரம் இல்லை. அதன் பனித்துகள் மழை மாதிரிக் கிரகத்துக்குள் விழுந்துகொண்டே இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களில் மெலிந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவசரப்படத் தேவையில்லை.

உம்மும்மாவின் கட்டரெக் ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்திருக்கிறது. வலது கண்ணில் எவ்வளவு திரும்பும் என்று டொக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. சனியின் வளையம் வருஷத்துக்கு வருஷம் அகலமாகத் திறந்து, 2032 அளவில் முழுதாக விரிந்து நிற்கும். சின்னத் தொலைநோக்கியிலேயே நன்றாகத் தெரியும். உங்கள் ஊரில் யாரிடமாவது ஒன்று இருந்தால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் என் கூட்டாளியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.